காலி சீட்டும் சோளப்பொரியும்: மந்த காலத்தில் தியேட்டர் பிழைக்கும் விதம்

மார்க்கெட்டில் பூவன் பழம் விற்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. இன்று போகாத சீப்பை நாளைக்கு விலை குறைத்துத் தள்ளிவிடலாம். ரொம்பவும் கனிந்துபோனால் பணியாரம் சுடுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி இருக்கிறது. சினிமா தியேட்டருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. இன்று மாலைக் காட்சியில் காலியாகக் கிடந்த சீட்டை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆனதும் அந்தச் சரக்கு அழுகிவிடுகிறது.

செலவு மட்டும் அழுகாது. 600 பேர் உட்காரும் அரங்கில் 40 பேர் இருந்தாலும் புரொஜெக்டர் ஓட வேண்டும், ஏசி ஓட வேண்டும். ஆபரேட்டர், டிக்கெட் கிழிப்பவர், கூட்டிப் பெருக்குபவர், வாட்ச்மேன் எல்லோருக்கும் அதே சம்பளம்தான். கட்டட வாடகையோ வங்கித் தவணையோ கூட்டத்தைப் பார்த்து ஏறி இறங்காது. 40 பேரும் முன்வரிசையில்தானே இருக்கிறார்கள் என்று பின்பாதிக்கு ஏசியை நிறுத்தவும் வழியில்லை.

இன்னொரு சங்கடம் பங்கு. கவுன்ட்டரில் விழும் டிக்கெட் காசு முழுவதும் தியேட்டர்காரருடையது என்று பலர் நினைக்கிறார்கள். வரி போக மிச்சத்தில் விநியோகஸ்தருக்குப் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். வரி நீங்கலாக 100 ரூபாய் டிக்கெட்டில் தியேட்டருக்கு 50 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆள் இடைவேளையில் 60 ரூபாய்க்குச் சோளப்பொரி வாங்குகிறார், அதன் அடக்கம் 10 ரூபாய் என்றால் அதிலும் 50 நிற்கிறது. ஆக, ஒரு பொட்டலம் பொரி விற்பது இன்னொரு ஆளை உள்ளே கொண்டுவந்து உட்கார வைப்பதற்குச் சமம். அந்த ஆளுக்குச் சீட்டுகூட வேண்டாம்.

நாட்டில் பணப் புழக்கம் வற்றும்போது தியேட்டர்காரர்கள் செய்கிற வேலைகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தட்டு கொடுப்பார்கள், குலுக்கல் நடத்துவார்கள், ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது மேலே சொன்ன இரண்டு கணக்குகள்தான்: அழுகப்போகிற சீட்டை வந்த விலைக்கு விற்பது, விநியோகஸ்தரோடு பங்கு போட வேண்டாத காசைத் தேடுவது. இதைக் கண்ணாடி போலக் காட்டிய காலம் ஒன்று உண்டு. 1929-இல் தொடங்கிய அமெரிக்கப் பெருமந்தம். இன்றைய மால் தியேட்டரின் பழக்கங்களில் பாதி அங்கே பிறந்தவை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது சினிமாக்காரர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பேசும் படம் அப்போதுதான் வந்திருந்தது. திரை பேசுவதைக் கேட்க ஜனம் முட்டி மோதியது. 1930-இல் வாரத்துக்குச் சுமார் 9 கோடி டிக்கெட் விற்றதாக அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. அப்போது அந்த நாட்டின் ஜனத்தொகையே 12 கோடி சொச்சம். ‘கஷ்ட காலத்தில்தான் ஜனங்களுக்குச் சினிமா வேண்டும், நம் தொழிலை மந்தம் தொடாது’ என்ற பேச்சு அப்போது கிளம்பியது. இன்றும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு அது.

இரண்டே வருடத்தில் அது பொய்த்தது. குரல் கேட்கும் புதுமை பழகிப்போயிற்று. நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லாத நிலை வந்தது. இசையையும் நாடகத்தையும் ரேடியோ இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து தந்தது. 1932-33 வாக்கில் வாராந்தரக் கூட்டம் 6 கோடிக்கு இறங்கியது. சராசரியாக 30 சென்ட் பக்கம் இருந்த டிக்கெட் 20 சென்ட் பக்கம் வந்தது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: ஆளும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, விலையும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இந்த மதிப்பீடுகளின்படி வசூலில் பாதிகூட மிஞ்சவில்லை. 1933 கோடைக்குள் நாட்டில் மூன்றில் ஒரு தியேட்டர் பூட்டிக் கிடந்தது.

முதலில் கை வைத்தது சம்பளத்தில். அந்தக் காலத்து ‘பிக்சர் பேலஸ்’ என்கிற பெரிய அரங்குகளில் சீருடை போட்ட இளைஞர்கள் ஒரு பட்டாளமாக நின்று, வந்தவர்களைக் கைகாட்டி அழைத்துப்போய் உட்கார வைப்பார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். படத்துக்கு முன் மேடையில் நடந்த ஆட்டம் பாட்டத்தை நிறுத்தினார்கள். வாத்தியக்காரர்களின் வேலையைப் பேசும் படமே ஏற்கெனவே பறித்திருந்தது. இதெல்லாம் எந்தத் தொழிலிலும் நடப்பதுதான்.

டிக்கெட் விலையைக் குறைப்பதில்தான் தகராறு வந்தது. காலியாக அழுகப்போகும் சீட்டை 10 சென்ட்டுக்கு விற்றாலும் தியேட்டர்காரருக்கு லாபம். விநியோகஸ்தருக்கோ தன் பங்கு சுருங்குகிறது. அதைவிட, எதிர்த்தெருவில் 40 சென்ட்டுக்குப் புதுப்படம் ஓட்டும் பெரிய அரங்குக்கு வயிறு எரிகிறது. சில வாரம் பொறுத்தால் அதே படத்தைச் சின்னக் கொட்டகையில் கால் விலைக்குப் பார்க்கலாம் என்று ஜனம் காத்திருக்க ஆரம்பித்துவிடும் அல்லவா? டெக்சாஸ் மாநிலத்தில் ‘இன்டர்ஸ்டேட் சர்க்யூட்’ என்ற பெரிய தியேட்டர் குழுமம் 1934-இல் விநியோகக் கம்பெனிகளுக்கு ஒரு கடிதம் எழுதியது. நாங்கள் 40 சென்ட்டுக்கு ஓட்டிய பெரிய படத்தை மறு ஓட்டத்தில் யாரும் 25 சென்ட்டுக்குக் கீழே காட்டக் கூடாது, இன்னொரு படத்தோடு சேர்த்தும் காட்டக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள் என்பதுதான் சாரம். கம்பெனிகளும் இணங்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இது கூட்டுச் சதி என்று 1939-இல் தீர்ப்பாயிற்று. மந்த காலத்தில் பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதற்கு முன், அது விலை குறைக்காதபடி வாயைக் கட்டப் பார்க்கும்.

விலையைக் கண்ணுக்குத் தெரிந்து குறைக்க முடியாது என்றால் கண்ணுக்குத் தெரியாமல் குறைக்கலாம். அதற்கு வந்ததுதான் ‘டிஷ் நைட்’. திங்களோ செவ்வாயோ, ஈயாடும் ஒரு நாளாகப் பார்த்து, அன்று வரும் பெண்களுக்கு டிக்கெட்டோடு ஒரு பீங்கான் பாத்திரம் இலவசம் என்று அறிவிப்பார்கள். இந்த வாரம் கோப்பை, அடுத்த வாரம் சாஸர், அதற்கடுத்து சூப்புக் கிண்ணம். முழு செட்டும் சேர மாதக்கணக்காகும். ஒரு வாரம் தவறினால் செட்டில் ஒன்று குறையும். வீட்டில் ஆறு கோப்பையும் ஐந்து சாஸரும் இருப்பதை எந்தக் குடும்பத் தலைவி பொறுப்பாள்? மந்தத்தில் வாங்க ஆளில்லாமல் தவித்த பீங்கான் ஆலைகளுக்கும் இது பிழைப்பாயிற்று. மொத்த விலையில் அள்ளிக் கொடுத்தார்கள். இருட்டில் யாராவது மடியை மறந்து எழுந்தால் ‘சலீர்’ என்று ஒரு தட்டு உடையும், அரங்கே சிரிக்கும் என்று அக்காலத்து நினைவுக் குறிப்புகளில் வருகிறது. எவர்சில்வர் கிண்ணத்துக்காகச் சோப்புத்தூள் வாங்கிய நம் வீடுகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ‘பேங்க் நைட்’. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்த 1931-ஐ ஒட்டி, கொலராடோ மாநிலத்தில் சார்லஸ் யேகர் என்ற தியேட்டர் தொழில்காரர் தொடங்கியது. தியேட்டர் வாசலில் ஒரு பேரேடு இருக்கும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பெயர் எழுதலாம். வாரத்தில் ஒரு நாள் இரவு மேடையில் ஒரு பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த ஆள் சில நிமிடங்களுக்குள் மேடைக்கு வந்தால் பரிசுப் பணம் அவருக்கு. வராவிட்டால் பணம் அடுத்த வாரத்துக்குச் சேர்ந்து பெருகும்.

டிக்கெட் வாங்கினால்தான் குலுக்கலில் இடம் என்று வைத்திருந்தால் அது லாட்டரி. பல மாநிலங்களில் சட்டவிரோதம். இங்கே பெயர் எழுதக் காசு இல்லை. பெயரை வாசலிலும் கூவுவார்கள், வெளியே நிற்பவரும் ஓடிவரலாம். ஆகவே சட்டப்படி குற்றமில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் கூட்டம் நெரிகிற இரவில் தெருவில் நின்றுகொண்டு பெயர் காதில் விழாமல் போய்விடுமோ என்று தவிப்பதைவிட 20 சென்ட் கொடுத்து உள்ளே உட்கார்ந்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று எல்லோருக்கும் தோன்றும். யேகர் இந்த முறைக்கு உரிமம் போட்டு ஊர் ஊராகக் குத்தகைக்கு விட்டார். 1936 வாக்கில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 15,000 தியேட்டர்களில் 5,000 தியேட்டர்களில் பேங்க் நைட் நடந்தது. அன்று என்ன படம் ஓடுகிறது என்பதையே பலர் கேட்கவில்லை. சினிமாவை நேசிக்கிறவர்களுக்கு இது வருத்தமான செய்திதான். தியேட்டர்காரருக்கு வருத்தப்பட நேரம் இல்லை.

ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்பதும் இதே பருவத்தில் பரவியது. வெளியிலிருந்து பார்த்தால் இது செலவை இரட்டிப்பாக்கும் முட்டாள்தனம். கணக்கு வேறு. நட்சத்திரங்கள் நடித்த பெரிய படத்துக்குத்தான் வசூலில் பங்கு. துணைக்கு ஓடும் ‘பி’ படத்துக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிட்டால் போதும். கூட்டம் எவ்வளவு வந்தாலும் அதற்கு மேல் பைசா கிடையாது. இரண்டு படம் ஓடும்போது நடுவில் ஓர் இடைவேளை வருகிறது, ஜனம் மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருக்கிறது, பசிக்கிறது. இப்படிப்பட்ட சின்னப் படங்களுக்காகவே 1935-இல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற கம்பெனி உருவாயிற்று.

அந்தப் பசிக்கு வருவோம். 1920-களின் அரண்மனைத் தியேட்டர்களுக்குள் சோளப்பொரிக்கு அனுமதி இல்லை. கம்பளம் பாழாகும், மௌனப் படத்தில் கொறிக்கும் சத்தம் கேட்கும், மேலும் அது தெருவோரப் பண்டம், கௌரவக் குறைச்சல். சிகாகோவின் சார்லஸ் கிரெட்டர்ஸ் 1880-களிலேயே பொரிக்கும் வண்டியைக் கண்டுபிடித்திருந்தார். அந்த வண்டிகள் தியேட்டருக்கு வெளியே நிற்கும், ஜனம் கோட்டுப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போகும். மந்தம் வந்தபோது 5 அல்லது 10 சென்ட்டுக்கு ஏழையும் வாங்கக்கூடிய ஒரே ஆடம்பரமாக அது நின்றது. அடக்கமோ அற்பம், ஒரு மூட்டைச் சோளம் மாதக்கணக்கில் வரும்.

முதலில் தியேட்டர்காரர்கள் வாசலில் விற்க வாடகை வாங்கிக்கொண்டு வியாபாரியை விட்டார்கள். கான்சாஸ் நகரில் ஜூலியா பிரேடன் என்ற பெண் லின்வுட் தியேட்டர்காரரிடம் பேசி முன்கூடத்திலேயே கடை போட்டார். 1931-க்குள் நான்கு கடைகள் வைத்து வருடத்துக்கு 14,400 டாலருக்கு மேல் சம்பாதித்தார். அவர் இடம் பிடித்திருந்த தியேட்டரின் முதலாளியே அவ்வளவு பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். விரைவில் முதலாளிகள் விழித்துக்கொண்டு யந்திரத்தைத் தாங்களே வாங்கினார்கள். டல்லாஸில் ஒரு குழுமம் தன் 80 தியேட்டர்களில் யந்திரம் வைத்தது. ‘உயர்தரமான’ ஐந்து அரங்குகளுக்கு மட்டும் இது பொருந்தாது என்று விட்டுவைத்தது. இரண்டு வருடத்தில் பொரி விற்ற அரங்குகளின் லாபம் ஏறியது, கௌரவம் பார்த்த ஐந்தும் நஷ்டத்தில் விழுந்தன. 1945-க்குள் அமெரிக்கா தின்ற சோளப்பொரியில் பாதிக்கு மேல் தியேட்டருக்குள் தின்றதாக ஆகிவிட்டது.

இத்தனை வித்தைகளைச் செய்தும் மூழ்கியவர்கள் இருந்தார்கள். மூழ்கியவர்களில் மிகப் பெரியவர்களும் உண்டு என்பது கவனிக்க வேண்டியது.

பாரமவுண்ட் கம்பெனி 1920-களில் ஊர் ஊராகத் தியேட்டர்களை வாங்கிக் குவித்து ஆயிரத்தைத் தாண்டியது. பல இடங்களில் ரொக்கத்துக்குப் பதில் தன் பங்குகளைக் கொடுத்து வாங்கியது. அந்தப் பங்குகளைக் குறித்த தேதியில் குறித்த விலைக்கு நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்கும் கொடுத்தது. சந்தை சரிந்தபோது சில டாலருக்கு விற்ற பங்கைப் பழைய உயர்ந்த விலைக்கு எடுக்க வேண்டிய கதி. 1933-இல் திவாலானது. ‘சினிமாவின் பெருங்கோயில்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட, ஆறாயிரம் பேர் அமரும் நியூயார்க்கின் ராக்ஸி 1932-லேயே நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போயிற்று. ஆர்.கே.ஓ. கம்பெனியின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் 1932 டிசம்பர் 27 அன்று மேடை நிகழ்ச்சி அரங்காகத் திறந்து, காசு தேறாமல் இரண்டே வாரத்தில் படம் ஓட்டத் தொடங்கியது. அந்த ஜனவரியிலேயே ஆர்.கே.ஓ.வும் நீதிமன்றத்தின் கைக்குப் போனது. மார்ச் 2 அன்று அதே மியூசிக் ஹாலிலும் அதன் துணை அரங்கான ஆர்.கே.ஓ. ராக்ஸியிலும் (மேலே சொன்ன ராக்ஸி வேறு) ஆர்.கே.ஓ.வின் கிங்காங் வெளியாகிக் கூட்டம் அள்ளியது. நான்கு நாளில் அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் தற்காலிகமாக மூட உத்தரவிட்டார். கையில் சில்லறை இல்லாத ஜனத்திடம் கடன் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட தியேட்டர்கள் உண்டு.

எம்.ஜி.எம்.மின் தாய்க் கம்பெனியான லோயஸிடம் இருந்தது 200-க்கும் குறைவான தியேட்டர்கள். கடனும் குறைவு. பெரிய கம்பெனிகளில் அந்த மந்தத்தை லாபத்தோடே கடந்தது அது ஒன்றுதான். கூட்டம் குறைந்தது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. யார் நல்ல காலத்தில் வட்டிக்கு வாங்கி விரித்திருந்தார்களோ அவர்கள் விழுந்தார்கள்.

இதே கதை நம் கண்ணெதிரிலும் நடந்தது. 2008-இல் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்த அடுத்த வருடமே அமெரிக்க, கனடா தியேட்டர் வசூல் முதல்முறையாக 1,000 கோடி டாலரைத் தாண்டியது. உல்லாசப் பயணம் போக முடியாதவர்கள் படம் பார்க்கப் போனார்கள். ‘சினிமாவை மந்தம் தொடாது’ என்ற பழைய பல்லவி மறுபடி கேட்டது. பிரிட்டனின் சினிவேர்ல்ட் 2018-இல் 360 கோடி டாலருக்கு அமெரிக்காவின் ரீகல் குழுமத்தை வாங்கியது, அதற்காகப் பெருங்கடனும் ஏற்றிக்கொண்டது. கொரோனாவில் திரை இருண்டது. 2022 செப்டம்பரில் சுமார் 500 கோடி டாலர் கடனோடு திவால் நீதிமன்றத்தில் நின்றது. மறு வருடம் கம்பெனி கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போயிற்று, பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அமெரிக்காவின் இன்னொரு பெரிய தியேட்டர் குழுமமான ஏ.எம்.சி. தப்பியது வேறொரு வேடிக்கை. 2021-இல் இணையத்தில் கூடிய சின்ன முதலீட்டாளர்கள் அதன் பங்கை வானத்துக்கு ஏற்றினார்கள். ஏறிய விலைக்குப் புதுப் பங்குகளை விற்றுப் பணம் திரட்டியது. நன்றிக்கடனாகப் பங்குதாரர்களுக்கு என்ன தந்தது தெரியுமா? ஒரு பெரிய டப்பா பாப்கார்ன்.

தமிழ்நாட்டில் கணக்கு இன்னொரு விதத்தில் இறுகியிருக்கிறது. இங்கே டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-இல் மல்டிபிளெக்ஸுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ரசிகனுக்கு நல்லதுதான். ஆனால் பெரிய நடிகர் படம் வரும் நாளில் கூடுதலாகச் சம்பாதித்து வறண்ட மாதங்களுக்குச் சேர்த்துவைக்கும் வழி முறைப்படி கிடையாது. ஆகவே சுமை கேன்டீன் மேலும் வண்டி நிறுத்துமிடம் மேலும் ஏறுகிறது. கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் குத்தகைக்கு விடுவது டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து நம் ஊர்ப் பழக்கம். முன்பணமாக வரும் அந்தத் தொகைதான் பல ஓனர்களுக்கு வட்டியில்லாக் கடன். பி.வி.ஆர். ஐநாக்ஸ் போன்ற பெரிய குழுமத்துக்கே வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தின்பண்டத்திலிருந்து வருகிறது. வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, குடிநீரை மட்டும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது தியேட்டர்காரர்கள் பெருமூச்சு விட்டது அதனால்தான். அந்தப் பொரி டப்பாவின் விலையைப் பார்த்து எனக்கும் கோபம் வரும். ஆனால் அதில் ஒரு பகுதி, டிக்கெட்டில் வாங்க முடியாத காசு என்பதையும் நினைத்துக்கொள்வேன்.

பேங்க் நைட்டின் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். பி.வி.ஆர். ஐநாக்ஸ் 2023-இல் கொண்டுவந்த மாதச் சந்தா, திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் செல்லும் என்று இருந்தது. அழுகப்போகும் வாரநாள் சீட்டுக்கு வைத்த தூண்டில். புதுப் படத்துக்குப் பஞ்சம் வந்த 2024 ஏப்ரலில் இருபது வருடத்துப் பழைய கில்லியை மறுபடி போட்டு அரங்குகளை நிரப்பினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது; சின்ன ஊர்த் தனித் திரைகளுக்கு இது சற்று மூச்சு விட இடம்.

ஆனால் நம் ஊர் பழைய தியேட்டர்காரர் பலருக்கு ஒரு வசதி உண்டு, அதுவே ஆபத்தும்கூட. இடம் சொந்தம். தாத்தா காலத்தில் ஊருக்கு வெளியே வாங்கிய நிலம் இன்று ஊரின் நடுவில் இருக்கிறது. வாடகை இல்லை, தவணை இல்லை. அதனால்தான் 2020-இல் மார்ச் மத்தியிலிருந்து நவம்பர் 10 வரை பூட்டிக் கிடந்தும் பல கொட்டகைகள் மறுபடி திறந்தன. அதே நிலத்துக்குத் தரகர்கள் ஒரு விலை சொல்கிறார்கள். நாலு காட்சியும் ஓட்டி வருடம் முழுவதும் மிஞ்சுவதை, அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் வரும் வட்டியோடு ஓனரின் பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அண்ணா சாலையின் சாந்தி 2016-இல் மூடியது. அசோக் நகர் உதயம் 2024-இல் மூடியது. சின்ன ஊர்களில் கல்யாண மண்டபமாக மாறியவை ஏராளம். மண்டபத்தில் சாப்பாடு போட்டாலும் போடாவிட்டாலும் முன்பணம் வந்துவிடுகிறது, விநியோகஸ்தருக்குப் பங்கும் கிடையாது.